கழுவாமல் அனுப்பிய கல்

உ
காஜா பெராங், மலாக்கா
9-12-1957

அன்புள்ள கய்யூம் பாய் அவர்களுக்கு,

கலியாணசுந்தரம் எழுதுவது. வருகிற 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நாற்பத்தேழு முடிந்து நாற்பத்தெட்டு தொடங்குகிறது. நூறு வயது வரை கல்லாட்டம் இருங்கள் என்று நானும் கோகிலாவும் வாழ்த்துகிறோம். இந்த வயதில் மனிதன் பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடுவான். நீங்கள் இன்னும் கல்லுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நீ மட்டும் என்ன வாழ்ந்தாய் என்று கேட்காதீர்கள். பொதுப்பணி இலாகாவில் ரோட்டுக் கல்லுக்குக் கணக்கு எழுதும் கிராணிக்கு வீட்டுக்கு வந்தாலும் கல்தான்.

பிறந்தநாள் கல் தனிப் பார்சலாக வருகிறது, மைலோ டின்னில். சட்டம் நினைவிருக்கும், நீங்கள் போட்ட சட்டம்தானே. கல்லைக் கழுவக் கூடாது, பிறந்த மண்ணோடு அனுப்ப வேண்டும். பிறந்தநாள் காலையில்தான் டின்னைத் திறக்கலாம். பசியாறுவதற்கு முன், வெறும் வயிற்றோடு, கண்ணையும் நாக்கையும் மட்டும் வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். புத்தகம் கூடாது.

உஜோங் பாசிர் கடற்கரையில் ஒரே கூழாங்கல்லுக்கு இருவரும் குனிந்து தலை முட்டிக்கொண்டோமே, அன்று அதைக் கைலியில்கூடத் துடைக்காமல் நீங்கள் நாக்கில் வைத்தபோது, யாரோ மருந்து குடிக்க மறந்தவர் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் எனக்குக் கல்லை நக்க மனம் வருவதில்லை. நாய் செய்கிற வேலை அது. ஆனால் குவாந்தானுக்குப் போய் ஆறு வருஷமாக அந்த நாக்கால்தான் என்னைத் தோற்கடிக்கிறீர்கள். போன வருஷம் பழைய கோட்டைச் செங்கல்லை உடைத்து, தேய்த்து, கல் மாதிரி ஆக்கி அனுப்பினேன். "இது சுட்டது, பூமியில் விளைந்ததில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

இந்த முறை முடியாது பாய். ஜாசினுக்கு அப்பால் காடு மூடிக்கிடக்கும் பழைய ஈயச் சுரங்க லம்பத்துக்குப் போயிருந்தேன். கம்யூனிஸ்ட் தொல்லை தீர்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்த பிறகு காட்டோரம் போக முடிகிறது. அங்கே இடிந்த ஒரு சுவரில் கிடைத்தது. வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்ன முனைகளாக, கற்கண்டைப் பொடித்து ஒட்டியது போல இருக்கும். உங்கள் நாக்கு இதைப் பார்த்து விழிக்கத்தான் போகிறது. ஒன்றுக்கு இரண்டு முறை நக்கிப் பாருங்கள், அப்போதும் தெரியாது.

வீட்டில் ஜமீலாத் தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள்
கலியாணசுந்தரம்

786
குவாந்தான்
14-12-1957

அன்பு நண்பர் கலியாணசுந்தரத்துக்கு அப்துல் கய்யூம் எழுதுவது,

டின்னும் கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. டின்னை அரிசி மூட்டைக்கு மேலே பலகையில் வைத்திருக்கிறேன். ஆட்டிப் பார்த்தேன், அது குற்றமில்லை என்று நம் சட்டத்தில் இருக்கிறது. மழை நான்கு நாளாக விடவில்லை. ஆறு கரையை முட்டிக்கொண்டு போகிறது. கடையில் கீழ்த்தட்டு மூட்டைகளை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டோம்.

உங்கள் கடிதத்தை ஜமீலாவுக்கு வாசித்துக் காட்டியதில் வீட்டில் ஒரு சண்டை. "உங்கள் நாக்கு" என்று வந்த இடத்தில் கையிலிருந்த அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஆறு வருசமா யாரு நாக்கு? அந்த அண்ணனுக்கு உண்மைய எழுதுறீங்களா இல்ல நான் எழுதவா?"

எழுதிவிடுகிறேன். ஐம்பத்தொன்றில் எனக்கு டைபாய்டு வந்து போனது உங்களுக்குத் தெரியும். போகும்போது நாக்கின் ருசியையும் கொண்டு போய்விட்டது. இன்று வரை ரசத்துக்கும் வெந்நீருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. வெட்கத்தில் உங்களிடம் சொல்லவில்லை. அந்த வருஷம் நீங்கள் அனுப்பிய கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜமீலா வந்து வாங்கி நாக்கில் வைத்தாள். "உப்பு இருக்கு, ஆனா கடலுப்பு இல்ல, கறி உப்பு. அண்ணன் ஆத்துக் கல்லை உப்புத்தண்ணில ஊற வச்சிருக்காரு" என்றாள். அன்றிலிருந்து எல்லாம் அவள்தான். உங்கள் செங்கல்லைப் பிடித்ததும் அவள்தான். நான் வெறும் கிராணி, நீங்கள் ரோட்டுக் கல்லுக்கு எழுதுவது போல அவள் சொன்னதை எழுதி அனுப்புகிறவன்.

இனிமேல் வாழ்த்து எனக்கு, சவால் அவளுக்கு என்று எழுதுங்கள். ஒன்றுக்கு இரண்டு முறை நக்கச் சொன்னீர்களே, "மூணு தரம் பாத்துட்டாவது பேரச் சொல்லிடுறேன்னு எழுதுங்க" என்கிறாள். ஞாயிறு விடியலில் சுபுஹு தொழுகை முடிந்ததும் திறப்போம்.

அன்புடன்
அப்துல் கய்யூம்

உ
காஜா பெராங்
17-12-1957
அவசரம்

பாய்,

டின்னைத் திறக்காதீர்கள். திறந்திருந்தால் கல்லைத் தொடாதீர்கள். தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். வாய்க்குக் கொண்டு போகவே வேண்டாம். மற்றதைப் பிறகு படியுங்கள், முதலில் இதைச் செய்யுங்கள்.

அந்தச் சுவரில் இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்று உங்களுக்கு, மற்றது எனக்கு. என்னுடையதை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் வைத்துச் சிற்றுளியால் செதுக்கினேன். பொடி தரையில் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாசாமி கூப்பிட்டார். அவர் செட்டி சமூகம், கும்பிடுவது எங்கள் சாமியை, பேசுவது மலாய். "ஆயாம் சுடா மாத்தி" என்றார். கோழி செத்துப் போயிற்று என்கிறார். ஒன்றல்ல, மூன்று. என் பொடி விழுந்த இடத்திலேயே கிடந்தன.

கல்லைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் காவலுக்கு இருக்கும் ஜாகா மருதமுத்துவிடம் ஓடினேன். அவர் சின்ன வயதில் லம்பத்தில் வேலை செய்தவர். தாளைப் பிரித்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயா, இது கல்லு இல்லீங்க. ஈய மணல சூளையில வறுக்கையில வர்ற பொகை, செவுத்துல ஒறஞ்சு போறது. வெள்ளப் பாஷாணம். நாங்க மூஞ்சில ஈரத்துணி கட்டிக்கிட்டுத்தான் சொரண்டுவோம். எங்க கூட்டாளி ஒருத்தன் கை கழுவாம சோறு தின்னான். மூணாம் நாள் எடுத்துட்டோம்."

நான் உங்களை இரண்டு முறை நக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். என் கையால் எழுதியிருக்கிறேன்.

நேற்று மத்தியானமே தபாலாபீசுக்குப் போனேன். தந்தி எடுக்கும் தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். கல்லை நக்க வேண்டாம், விஷம், புதைக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "ஐயா, இதைப் பார்த்தா பொலிஸ் என்னையல்லோ கேக்கும்" என்றார். கதையைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. எடுத்துக்கொண்டார், ஆனால் தெமர்லோவுக்கு அப்பால் வெள்ளத்தில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். கம்பி கட்டினால் முதல் தந்தி உங்களுடையது என்றார். கட்டுவது எப்போது என்று அவருக்கும் தெரியாது.

22ஆம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நீங்கள் சட்டம் மீறாதவர். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். ஆழமாகக் குழி தோண்டி, கிணற்றுக்கு எட்டத்தில், டின்னோடு புதைத்துவிடுங்கள்.

கலியாணசுந்தரம்

உ
காஜா பெராங்
20-12-1957

பாய்,

14ஆம் தேதி எழுதிய உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், அப்பாடா, சேதி போய்விட்டது என்று நினைத்தேன். பிரித்து வாசித்தேன். கோகிலா அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஜமீலாத் தங்கச்சியா? ஆறு வருஷமாகவா? நான் கேலி செய்ததெல்லாம், நாய் என்றதெல்லாம் தங்கச்சியையா?

மூன்று முறை நக்குவதாகச் சொல்லியிருக்கிறார். பாய், உங்களுக்கு விஷம் அனுப்பிவிட்டேன் என்று நான்கு நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், கய்யூம் பாய் கெட்டிக்காரர், திறந்ததும் ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்வார் என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. தங்கச்சிக்கு நாக்குத்தான் கண். வெறும் வயிற்றோடு, கழுவாத கல்லை, தோற்கக் கூடாது என்ற வீம்போடு நாக்கில் வைப்பார். அந்த வீம்பை மூட்டிவிட்டவன் நான்.

தம்பிராஜாவிடம் தினம் இரண்டு முறை போய் நிற்கிறேன். என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். இன்று மாலை அவரே சொன்னார்: "ஐயா, உங்கட கடுதாசியும் கோலாலம்பூரிலதான் கிடக்கும். ரோடு இல்லை."

நான் வருகிறேன். ஒரு வாரம் லீவு கேட்டேன், நான்கு நாள் தந்தார்கள். தம்பின் போய் ரயில் பிடித்து, கிம்மாசில் மாறி, மெந்தகாப் வரை ரயிலில் வரலாம். அங்கிருந்து எப்படி என்று அங்கே போய்ப் பார்க்கிறேன். இதைத் தபாலில் போட்டு என்ன பயன் என்று கோகிலா கேட்கிறாள். எழுதாமல் இருந்தால் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எழுதும்போதுதான் ஓரிடத்தில் உட்காருகிறேன்.

கலியாணசுந்தரம்

உ
மெந்தகாப்
23-12-1957

பாய்,

நேற்று உங்கள் பிறந்தநாள். சுபுஹு நேரத்தில் நான் ரயிலில் இருந்தேன். சன்னலில் இருட்டும் தண்ணீரும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இப்போது திறப்பார்கள், இப்போது எடுப்பார் என்று மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறரை மணிக்குப் பிறகு பார்க்கவில்லை.

இங்கே ரோடு தண்ணீருக்குள் போய் முடிகிறது. படகு போலீசுக்கு மட்டும்தான். ஒரு மலாய்க் கார்ப்பரல் இந்தக் கடிதத்தைக் கொண்டு போக ஒப்புக்கொண்டார். அது என்ன கடிதம் என்று கேட்டார். பிறந்தநாள் வாழ்த்து என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். நனையாமல் சுற்றித் தரச் சொன்னார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, கோகிலாவிடமும். நம் சட்டத்தில் இன்னொன்று உண்டு, எழுதியே வைக்காத சட்டம்: அனுப்புகிறவனுக்குக் கல்லின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கல்லின் பெயர் எனக்குத் தெரியாது. புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். மருதமுத்து பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்கவில்லை. பெயர் தெரியாத கல்லை அனுப்பினால் நீங்கள் என்ன சொன்னாலும் தவறு என்று சொல்லிவிடலாம், இந்த வருஷமாவது ஜெயிக்கலாம் என்று நினைத்தேன். இதுதான் நடந்தது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என்ன சேதியானாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கலியாணசுந்தரம்

786
குவாந்தான்
3-1-1958

கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

ஜமீலா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன்.

22ஆம் தேதி காலையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடியில் இருந்தோம். தொழுதுவிட்டு டின்னைத் திறந்தேன். அழகாகத்தான் இருந்தது. அவள் வாங்கி நாக்கில் வைத்தாள். யோசித்தாள். மறுபடியும் வைத்தாள். "ஒண்ணுமே இல்லீங்க. தண்ணிக்குக்கூட ஒரு ருசி இருக்கும், இதுக்கு இல்ல" என்றாள். அவள் நாக்கு இதுவரை எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. மூன்றாம் முறை ஒரு முனையைப் பல்லால் கிள்ளி நாக்கிலேயே வைத்திருந்தாள். நான் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் தோற்கடித்துவிட்டீர்கள் என்று சிரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் வாந்தி. பிறகு வயிறு. படகு கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சாயங்காலமாகிவிட்டது. வெள்ளத் தண்ணீர் குடித்து ஊரில் பாதிப் பேர் அதே வாந்தி, அதே வயிற்றுப்போக்கோடு வராந்தாவில் கிடந்தார்கள். அந்த வரிசையில் இவளையும் படுக்க வைத்தார்கள். டாக்டர் மேல் தவறில்லை, நானும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். கல்லை நான் நினைக்கவேயில்லை. மற்றவர்கள் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். இவள் எழவில்லை. முகம் நீலம் பூத்து, என்னைப் பார்த்தும் யாரென்று தெரியாமல் கிடந்தாள்.

27ஆம் தேதி போலீஸ் படகில் தபால் பை வந்தது. உங்கள் தந்தி அதில் இருந்தது. கோலாலம்பூரில் யாரோ தாளாகவே பையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கடையில் இல்லையென்று தபால்காரர் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார். வாசித்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் தாளை என் கையிலிருந்து பிடுங்கினார். அன்றைக்கே எண்ணெய் போன்ற ஒரு ஊசி ஆரம்பித்தார். நான்கு நாள் போட்டார். ஒவ்வொரு ஊசிக்கும் அவள் கத்தியது கீழே தெரு வரை கேட்டது.

தந்தி வந்திராவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அது உங்களால்தான். கல் வந்ததும் உங்களால்தான். இரண்டையும் சேர்த்து எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மெந்தகாப்பிலிருந்து எழுதியதும் கிடைத்தது. பெயர் தெரியாத கல். ஜெயிப்பதற்காக. வாசித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். பிறகு கழுவக் கூடாது என்று சட்டம் போட்ட வாய் என்னுடையது என்பது ஞாபகம் வந்தது. என் மனைவியின் நாக்கை வைத்து ஆறு வருஷம் பெருமை தேடிக்கொண்டவனும் நான்தான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு முறை முயன்றேன். கை வரவில்லை. இனி எனக்குக் கல் அனுப்ப வேண்டாம்.

அப்துல் கய்யூம்

உ
காஜா பெராங்
9-1-1958

அன்புள்ள பாய்,

உயிரோடு இருக்கிறாள் என்ற முதல் வரியைப் படித்துவிட்டு அன்று முழுவதும் அதற்கு மேல் படிக்கவில்லை. மறுநாள்தான் மற்றதைப் படித்தேன்.

அப்பாசாமிக்கு மூன்று கோழி வாங்கிக் கொடுத்தேன். என் துண்டை மருதமுத்து கொண்டுபோய் ஆழமாகப் புதைத்துவிட்டார். மற்றக் கற்களையெல்லாம் இரண்டு சாக்கில் கட்டி வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். எறிந்துவிடலாம் என்றேன். கோகிலா வேண்டாம் என்கிறாள். "தங்கச்சி பேரு சொன்ன கல்லு அதுல இருக்கு, அத எறிய நீங்க யாரு?" என்று கேட்கிறாள்.

இரவில் சோற்றில் கை வைத்தால் அந்த வெள்ளை முனைகள் கண்ணில் தெரிகின்றன. கையை மூன்று முறை கழுவிக்கொண்டு சாப்பிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. தங்கச்சி எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.

கலியாணசுந்தரம்

786
குவாந்தான்
4-2-1958

நண்பர் கலியாணசுந்தரத்துக்கு,

எழுதுவது நான், சொல்வது ஜமீலா. அவளுக்கு விரல் நுனிகளும் பாதமும் மரத்துப் போயிருக்கின்றன, பேனா நிற்பதில்லை. நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும், சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அவள் சொல்லச் சொல்ல மாற்றாமல் எழுத வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இனி அவள் பேச்சு.

அண்ணே, நான் ஜமீலா. உங்க தங்கச்சி. இவரு ஒங்களுக்கு எழுதுனதோட நகலையும் ஒங்க கடுதாசியையும் எனக்கு வாசிச்சுக் காட்டல, நானே எடுத்து வாசிச்சேன். ரெண்டு ஆம்பளைங்களும் ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிறீங்க, பெறகு தன்னயே குத்தம் சொல்லிக்கிறீங்க. நக்குனது நான். என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கல.

மூணாந்தரம் பல்லால கிள்ளுனது ஒங்க ரெண்டு பேருக்காகவும் இல்ல. பேரு தெரியாம விட்டுட்டு எந்திரிக்க எனக்கு மனசு வரல. அந்தக் கிறுக்கு ஒங்களுக்கும் இருக்கு. அதனாலதான் பேரு தெரியாமயே அனுப்பிட்டீங்க. இவரு கோவிச்சுக்கட்டும். எனக்கு வெளங்குது.

ஆனா ஒண்ணு அண்ணே. என் நாக்கு போச்சு. உப்பு தெரியல, உறைப்பு தெரியல. டாக்டரு வரும்கிறாரு. வராம போயிருமோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரியில சாவப் போறேன்னு நெனச்சப்பகூட இவ்வளவு பயம் இல்ல. இந்த வீட்டுல இப்ப ரெண்டு பேருக்கும் ருசி தெரியாது. நான் ஆக்குறத நானும் இவரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத் தின்னுறோம்.

பதினொண்ணாந் தேதி ஒங்களுக்குப் பொறந்தநாளு. கல்லு ஒண்ணு அனுப்புறேன். வெள்ளம் வடிஞ்ச பெறகு கடை வாசல்ல கெடந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாது. பேரும் எனக்குத் தெரியாது, ஒங்க மாதிரியே. கழுவிட்டேன். மூணு தரம் கொதிக்க வச்சுக் கழுவிட்டேன். இனிமே அதுதான் சட்டம். நீங்க நாக்குல வச்சுப் பாத்து, எனக்கு எப்படி இருக்குன்னு எழுதணும். பேரு இல்லாட்டியும் பரவால்ல. ருசிய எழுதுங்க.

பயப்பட வேணாம். மொதல்ல நான் நக்கிப் பாத்துட்டேன். மூணு நாளு காத்திருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறந்தான் டின்னுல போட்டேன்.

ஜமீலாவின் பேச்சு இவ்வளவுதான். கடைசியில் சொன்னது, அவள் மறுபடியும் ஒரு கல்லை நாக்கில் வைத்தது, இதை எழுதும் இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். நான் சத்தம் போட்டேன். "நாலு நாளாச்சு, இப்ப என்ன சத்தம்" என்கிறாள்.

பிறந்தநாள் வாழ்த்துகள், சுந்தரம். கை வந்துவிட்டது, எழுதிவிட்டேன்.

அப்துல் கய்யூம்

உ
காஜா பெராங்
11-2-1958

அன்புள்ள தங்கச்சி ஜமீலாவுக்கும் பாய்க்கும்,

காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு டின்னைத் திறந்தேன். உள்ளங்கை அளவு, பழுப்பு, ஒரு பக்கம் தட்டை. பார்த்தால் சாதுவான கல். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பயந்துவிட்டேன். கொதிக்க வைத்தது தெரியும், தங்கச்சி நாக்கில் வைத்துப் பார்த்தது தெரியும். ஆனாலும் வாயைத் திறக்க முடியவில்லை. அப்பாசாமியின் கோழிகளுக்குப் பாத்திரத்தில் தவிடு கரைத்துக்கொண்டிருந்த கோகிலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முடியலேன்னா விட்டுருங்க, அந்தத் தங்கச்சி ஒண்ணும் நெனைக்காது" என்றாள்.

நினைக்காதுதான். வெள்ளம் வந்த வீட்டில், பேர் தெரியாத ஒரு கல்லை, அவ்வளவு பட்ட பிறகும் எனக்காக முதலில் நாக்கில் வைத்த ஆள் எதையும் நினைக்காது. அதனால்தான் வைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாக்கு காய்ந்து போயிருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வைத்தேன். தங்கச்சி, இனி எழுதுவதைச் சரியாக எழுத முயல்கிறேன், எனக்குப் பழக்கமில்லை. நாக்கில் வைத்ததும் லேசாக ஒட்டுகிறது, புதுச் சட்டியை நக்கினால் ஒட்டுமே அப்படி. பிறகு புதுமழை விழுந்த மண் வாசனை மூக்குக்குள் ஏறுகிறது. ருசியா வாசனையா என்று பிரிக்க முடியவில்லை. அதற்குப் பின்னால் இரும்பு. சின்ன வயதில் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு பலகை அடிப்போமே, அந்த இரும்பு. தட்டைப் பக்கம் அது அதிகம். கடைசியில் கொஞ்சம் உப்பு தெரிந்தது. அது கல்லின் உப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

செம்பாறாங்கல் என்று சொல்கிறேன். எங்கள் மலாக்காவில் கோட்டை கட்டின கல்லின் உறவுக்காரன். தவறாக இருக்கலாம், தவறென்றால் சொல்லுங்கள். நாக்கு திரும்பும் வரை மாதம் ஒரு கல் அனுப்புங்கள், நான் எழுதுகிறேன். நாக்கு திரும்பியதும் இந்த நாய் வேலையை உங்களிடமே ஒப்படைத்துவிடுவேன். சாக்கு மூட்டைகளை அவிழ்த்துவிட்டேன்.

பாய், உங்கள் வாழ்த்து கிடைத்தது. அந்த வரியைக் கோகிலாவுக்கு இரண்டு முறை வாசித்தேன்.

கலியாணசுந்தரம்

பி.கு. 12-2-58, காலை ஏழு மணி. கடிதத்தை நேற்றே முடித்துவிட்டேன், ஆனால் உறையை ஒட்டவில்லை. ராத்திரி சோறு சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். இப்போது பசியாறிவிட்டு எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் வைத்திருந்தேன். இப்போது ஒட்டுகிறேன்.